இன்வெர்ட்டர் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிலவன் வருவான், என் மாமனாருக்குச் சவரம் செய்ய.

முதலில் நான்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை தாடைக்குக் கீழே வெட்டிவிட்டேன். மாமாவின் தலை ஆடும். கத்தி அந்த ஆட்டத்தோடு போக வேண்டும். எனக்கு அது வரவில்லை. நிலவனுக்கு முதல் நாளே வந்துவிட்டது.

"நீங்க பாட்டுக்கு ஆடுங்கப்பா, நான் பின்னாடியே வர்றேன்" என்பான்.

மாமா சிரிப்பார். பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் இறுகிவிடும், சிரிப்பு வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிலவன் வந்தால் மட்டும் வரும்.

அவரை அவன் 'அப்பா' என்று கூப்பிடுவான். என் மனைவியோடு ஒரே ஆய்வகத்தில் நான்கு வருடம் வேலை செய்தவன். அவள் கூப்பிட்டதைப் பார்த்துப் பழகிவிட்டான். எனக்கு அவர் மாமாதான்.

என் மனைவி சங்கமித்ரா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டெங்கு. ஐந்து நாள். அவளுக்கு முப்பது வயது. காலடிப்பேட்டையில் எங்களுக்கு இரண்டு அறை வாடகை வீடு. நோய் வந்ததில் இருந்து எங்களோடு இருந்த மாமா, அவள் போன பிறகும் புளியந்தோப்புக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கே யாரும் இல்லை. போகிறேன் என்று அவர் சொல்லவில்லை, இருங்கள் என்று நானும் சொல்லவில்லை. இருந்தார்.

சுடுகாட்டில் நான் அழவில்லை. நிலவன் அழுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, "மித்ரா, மித்ரா" என்று சத்தம் போட்டு. அவள் அப்பாவுக்குப் பாப்பா. சான்றிதழில் சங்கமித்ரா. மித்ரா என்று கூப்பிடுவது நான் மட்டும்தான் என்று மூன்று வருடம் நினைத்திருந்தேன். புளியந்தோப்புக்காரர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து, "பொண்டாட்டி போய்ட்டா அப்டித்தான் இர்க்கும், மன்ச தேத்திக்கோ நைனா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை.

அவர்களுடைய ஆய்வகம் தண்டையார்பேட்டையில், ஒரு கோடவுன் மாடியில். கீழே இப்போதும் மிளகாய் மூட்டை அடுக்குகிறார்கள். படியேறினால் தும்மல் வரும். மேலே கதவைத் திறந்தால் குளிர், வெள்ளை வெளிச்சம், கண்ணாடித் தட்டுகளில் வளரும் நரம்பு செல்கள். மித்ரா அங்கே நானோசைம் செய்துகொண்டிருந்தாள். நம் உடம்பில் நொதிகள் செய்கிற வேலையைச் செய்யும் மிகச் சிறிய துகள். அவளுடையது சீரியம் ஆக்சைடு.

அவள் அதை அப்பாவுக்குச் சொன்ன விதம் எனக்கு நினைவிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"மூச்சு விடற ஆக்சிஜன்தான்பா. அதுல கொஞ்சம் கெட்டுப்போயி மூளை செல்ல அரிக்குது. இரும்புல துரு ஏறுற மாதிரி. உனக்குக் கை ஆடுறதுக்கு அதுவும் ஒரு காரணம். இந்தத் துகளு அந்தத் துருவ சொரண்டி எடுத்துரும்."

"அதுக்குத்தான் வைட்டமின் மாத்தர துன்னுகினு கீறனே."

"அது ஒரு வாட்டி சொரண்டிட்டு செத்துடும். இது சொரண்டிட்டு, தானே பழையபடி ஆயி, திரும்ப வேலைக்கு வரும்."

மாமா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப மாத்தர கான்ட்ராக்ட்டு. உன்து பர்மனென்டு."

அவள் சோற்றைத் துப்பிவிடுகிற அளவுக்குச் சிரித்தாள். மறுநாள் அதை ஆய்வகத்தில் சொல்லியிருக்கிறாள். அங்கே அதற்குப் பர்மனென்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவன் நிலவன். அதையும் அவளே வந்து சொன்னாள்.

என்னிடம் தனியாக வேறு சொன்னாள். "இது அப்பாவுக்கு வராது ஜெயா. இன்னும் எலிக்கே போகல. நல்லபடியா போனாகூட பதினஞ்சு வருஷம். அவருகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இருபது டன் பெட்டியைக் கப்பலில் இருந்து இறக்கியவர். டீ கிளாஸை இறக்க முடியாதபோது மட்டும், "பாப்பா, உன் ஆளு எப்ப டூட்டிக்கு வர்றான்?" என்பார்.

தினமும் சாயங்காலம் அவள் பேச்சில் நிலவன் வருவான். நிலவன் பிப்பெட்டை உடைத்தான். நிலவன் மாங்காய் வாங்கி வந்தான், மிளகாய்த்தூள் கோடவுனிலேயே கிடைத்தது. நிலவன் கணக்கில் புலி. தட்டு கழுவி முடிப்பதற்குள் பதினொரு முறை அந்தப் பெயர் வந்த நாள் ஒன்று உண்டு. எண்ணியிருக்கிறேன். ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பையும் அங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருப்பாள்.

எனக்கு வேலை வள்ளூர்ப் பக்கம் ஓர் அனல் மின் நிலையத்தில். கெமிஸ்ட். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் எதுவும் இருக்கக் கூடாது. இல்லை என்று தினமும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வீட்டில் பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் நிலவன் மாமாவின் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டே சொன்னான்.

"பதினேழுக்கு அப்புறம் எதுவுமே வரலண்ணா."

பதினேழு என்பது மித்ரா கடைசியாகப் போட்ட கலவை. விஷம் கொடுத்த செல்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டைக் காப்பாற்றியது. அதை வைத்துத்தான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள், அவள் பெயர் முதலில் வரும்படி. அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும்.

"எத்தனை போட்ட?" என்றேன்.

"இருபத்தஞ்சு வரைக்கும். அதே உப்பு, அதே பெராக்சைடு, அதே தராசு. நோட்டுல அவ எழுதுன மாதிரியே வரி வரியா செய்றேன். பெராக்சைடு ஊத்துனா நல்லா ஆரஞ்சு கலரு வருது. இருட்டுல வெச்சா பதினஞ்சு பதினாறு நாள்ல வெளுத்துத் தண்ணி மாதிரி ஆகணும். எனக்கு வெளுக்கவே மாட்டேங்குது. செல்லுல போட்டா முப்பதுகூடத் தேறல. லுப்னா போட்டும் வரல."

லுப்னா அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்.

"தண்ணி பாத்தியா?" என்றேன். தொழில் புத்தி. வாயில் வந்துவிட்டது.

"பாத்தேண்ணா. மீட்டர்ல சுத்தமா இருக்கு." கத்தியை மக்கில் ஆட்டினான். "கைராசிதான். எங்க லேப் ஹெட் மேடம்கூட ஒத்துக்கிட்டாங்க. மித்ரா கை பட்டாதான் வரும்."

"எம் பொண்ணு கை அப்டி" என்றார் மாமா, வாயோரம் நுரையோடு.

எனக்கு அப்போதுதான் கேன் நினைவுக்கு வந்தது.

எங்கள் நிலையத்தில் உப்பு நீக்கிய தண்ணீரை எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற. கேட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பக்கம் அந்தத் தண்ணீருக்குப் பெயரே இன்வெர்ட்டர் தண்ணீர்தான். மித்ரா இறப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன், "எனக்கும் ஒரு கேன் வேணும்" என்றாள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.

"லேப்ல வர்ற தண்ணி சரியில்ல. புது காட்ரிட்ஜ் கேட்டு எழுதிக்கினே இருக்கோம், வரல. யார்கிட்டயும் சொல்லாத. மேடம்க்குத் தெரிஞ்சா நோட்டுல எழுதச் சொல்வாங்க. எழுதுனா எங்கேர்ந்துன்னு கேப்பாங்க. உனக்குத்தான் வம்பு."

வெள்ளிக்கிழமைதோறும் பத்து லிட்டர் கேன் ஒன்றை ஸ்கூட்டரின் முன்பக்கம், கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசைக்கு நடுவே, இரண்டு முழங்காலால் அதைப் பிடித்துக்கொண்டு. திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன்பே அவள் மாடிக்கு ஏற்றிவிடுவாள். பாத்திரம் அலச என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவள் இறந்த வாரத்தோடு கேன் நின்றது.

நிலவன் மாமாவின் முகத்தைத் துடைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை ஆய்வகத்தில் இருந்து போன் வந்தது. மித்ராவின் பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மேசை வேண்டுமாம்.

போனேன். மேசை மேல் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போடும் செருப்பு, கோப்பை, சால்வை, பிங்க் நிறப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அவள் நாற்காலியும் நிலவன் நாற்காலியும் கைப்பிடி இடிக்கிற நெருக்கத்தில் கிடந்தன. இடம் அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. சுவரில் ஒரு படம். இருவரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். கண்ணை வைத்தே சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. நிலவனைக் கேட்டால் சொல்வான். கேட்கவில்லை.

ஆய்வகத் தலைவி குணசுந்தரி மேடம் இரண்டு வார்த்தை சொன்னார். "எங்களுக்குப் பெரிய நஷ்டம்" என்றார். தலையாட்டினேன்.

வெளியே வரும்போது தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். அவளுடைய பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, மூடிக்கொண்டேன். நான் தேடியது சிலிக்கா, மணலில் இருப்பது. கண்ணாடியில் பிடித்திருந்தால் சோதனைக்கு ஆகாது. கண்ணாடியே சிலிக்காதான்.

மறுநாள் எங்கள் சோதனைக்கூடத்தில் பார்த்தேன். மீட்டர் அவன் சொன்னதுபோலவே சுத்தம் என்றது. சிலிக்கா இருந்தால் நீலம் காட்டும் மாலிப்டேட்டை ஊற்றிக் காத்திருந்தேன். நீலம் வந்தது. வெளிர்நீலம் இல்லை, பள்ளிக்கூடப் பாவாடை நீலம். எங்கள் வரம்பு நூறு கோடியில் இருபது பங்கு சிலிக்கா. அவர்கள் தண்ணீரில் நானூற்றுக்கு மேல்.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்காதான். அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மீட்டருக்குத் தெரியாது. எங்கள் ஆள்களுக்கு இது முதல் வாரப் பாடம், ஏனென்றால் எங்களுக்கு அது டர்பைன் இறக்கையில் போய்ப் பாறையாகப் படியும். கோடவுன் மாடியில் செல் வளர்ப்பவர்களுக்கு டர்பைன் இல்லை. பர்மனென்ட் துகளின் மேல் அது படிந்தால், துகள் பழையபடி ஆக முடியாது. ஆரஞ்சு வெளுக்காது.

கைராசி இல்லை. என் தண்ணீர்.

சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்தேன். போனை எடுத்தேன், நிலவன் எண்ணைப் பார்த்தேன், திரும்பப் பையில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் இருபத்தாறும் போய்விட்டது என்றான். அதற்கு அடுத்த ஞாயிறு இருபத்தேழைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாவது ஞாயிறு, மித்ராவின் நோட்டில் எந்த நாளில் எந்தப் பேனாவால் எழுதியிருக்கிறாள் என்றுகூடப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். வெயில் காலமா, மழைக் காலமா, எந்த ஜன்னல் திறந்திருந்தது.

"இன்னா மாப்ள, நீயும் கெமிஸ்ட்ரிதான படிச்ச? இவனுக்கு எதுனா யோசன சொல்லேன்" என்றார் மாமா.

"எனக்குக் கொதிகலன்தான் மாமா தெரியும்" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் இட்லி சாப்பிட்டேன். நான்கு இட்லி. அவள் போன பிறகு அன்றுதான் சட்னி உறைப்பாக இருந்தது தெரிந்தது. கூடத்தில் அவன் குரல் தணிந்து கேட்டது. மித்ராவின் நான்கு வருடத்தில் அவனுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. நான் கொடுத்தால்தான் அவனுக்கு அது கிடைக்கும். கொடுக்க மனமில்லை. அவள் கைராசிக்காரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு நிலவன் சவரப் பெட்டியைத் திறக்கவில்லை. பையில் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான்.

"அண்ணா, நீங்க படிச்சிடணும். உங்ககிட்ட சொல்லாம செய்யக் கூடாது."

மேடத்துக்கு எழுதிய கடிதம். பதினேழாம் கலவையின் செல்களை எண்ணியது தான் என்றும், தட்டுகளை மாற்றி எடுத்து எண்ணிவிட்டதாகவும், அந்த எண்பத்திரண்டு தவறு என்றும், சங்கமித்ராவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்றும் எழுதியிருந்தான்.

"நீயா எண்ணுன?"

"இல்லண்ணா. அவதான்."

"அப்புறம்?"

அவன் மாமாவைப் பார்த்தான். பிறகு குரலை இறக்கினான். "மேடம் வெள்ளிக்கிழம நேராவே கேட்டுட்டாங்க. பத்து தடவ வராதது அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு, நம்பர அவ திருத்தியிருப்பாளான்னு. நாளைக்குள்ள முடிவு பண்ணணுமாம். கட்டுரைய நிறுத்திட்டு, பல்கலைக்கழகத்துக்கு எழுதிடுவாங்க. அவ பேரு கெட்டுரும்ணா. செத்துப்போனவ வந்து பதில் சொல்ல முடியாது. நான் உயிரோடதான இருக்கேன்."

"உன் பிஎச்.டி. படிப்பு?"

"போனா போவுது. எண்ணூர்ல எதுனா கம்பெனில வேல கெடைக்கும்."

குரலை இறக்கியது வீண். மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"இன்னாடா? எம் பொண்ணு கள்ளக் கணக்கு எழுதுனான்னு சொல்றாங்களா?"

அவர் கை நாற்காலியின் பிடியில் அடித்துக்கொண்டது. நிலவன் குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "இல்லப்பா. அப்டி யாரும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுடுகாட்டில் அழுதது அவன். அவள் அப்பாவின் முகத்தைத் தொடுவது அவன். இப்போது அவளுக்காகப் பொய் சொல்லி, அவளுக்காகப் படிப்பையும் விடப்போகிறான். விட்டுவிட்டால் சாகும்வரை அவன்தான் அவளுக்கு எல்லாம் செய்தவன். நான் இட்லி தின்றவன்.

"கிழிச்சுப் போடு" என்றேன்.

"அண்ணா, நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க—"

"கிழிடா. என் பொண்டாட்டிக்காக நீ ஒரு மயிரும் புடுங்க வேணாம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை.

"தண்ணி" என்றேன்.

"இன்னா தண்ணி?" என்றார் மாமா.

"உங்க தண்ணில சிலிக்கா இருக்கு. மீட்டர் காட்டாது. நானூறுக்கு மேல. அவ உங்க தண்ணில போடல. எங்க பிளான்ட் தண்ணில போட்டா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான்தான் கொண்டாந்து கொடுத்தேன். இன்வெர்ட்டர் தண்ணி. ரெண்டு வருஷமா. அவ போனதும் நிறுத்திட்டேன். உனக்கு அதுக்கப்புறம்தான் வரல."

நிலவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவன் மனதில் தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது தெரிந்தது. கணக்கில் புலி.

"நானூறுன்னு எப்படித் தெரியும்?"

"டெஸ்ட் பண்ணேன்."

"எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். "அவ சாமான் எடுக்க வந்தேன்ல. அப்போ."

"ஒரு மாசமா தெரியுமா?"

தலையாட்டினேன். அவன் கடிதத்தை எடுத்து மடித்தான். கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாமாவிடம் மட்டும் "வர்றேம்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். சவரப் பெட்டி மேசையிலேயே இருந்தது.

மாமா நெடுநேரம் வாசலைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள? அந்தப் பையன் வாரா வாரம் வந்து பேஜாராயிகினு கீறான். நீ பாத்துகினே இருந்தியா?"

"ஆமா மாமா."

"அவன் மேல அவ்ளோ காண்டா?"

"ஆமா."

மாமா டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கிளாஸைப் பிடிக்க என் கையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் திங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு முதலில் மேடத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீலம் வந்த படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நோட்டுல எழுதாதது அவ தப்புதான்" என்றார்.

"எனக்காக எழுதல."

"இப்ப எழுதியாகணும். தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கட்டுரையிலயும் போடணும். உங்களுக்குப் பிரச்சனை வராதா?"

"எழுதிக்குங்க. அது என் பாடு."

இனி அனுமதி இல்லாமல் எடுத்துவரக் கூடாது என்பதால் அந்த வாரம் என் மேலதிகாரியிடம் கடிதம் கொடுத்தேன். ஆராய்ச்சிக்கு, பத்து லிட்டர் என்று எழுதினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இன்வெர்ட்டருக்குன்னு எடுத்துட்டுப் போக வேண்டியதுதானய்யா" என்று கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை கேனை முழங்காலில் இடுக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனேன். மிளகாய் நெடியில் மூன்று முறை தும்மி மாடி ஏறினேன். நிலவன் கேனை வாங்கிக்கொண்டான். "தேங்க்ஸ்" என்றான். அண்ணா என்று சொல்லவில்லை. இருபத்தெட்டாம் கலவை. பெராக்சைடு ஊற்றியபோது நிறம் மாறியதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். தண்ணீராக இருந்தது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, டீ டிகாக்‌ஷன் மாதிரி ஆனது. வெள்ளித்தாளைச் சுற்றி அலமாரியில் வைத்தான்.

அதன்பிறகு தினமும் ஒரு படம் அனுப்பினான். செய்தி இல்லை, படம் மட்டும். மூன்றாம் நாள் ஆரஞ்சு. ஏழாம் நாள் ஆரஞ்சு. பத்தாம் நாள் எலுமிச்சை மாதிரி இருந்தது. நான் அதை சோதனைக்கூடத்தில் எரிந்த குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், போனைச் சாய்த்தால் நிறம் மாறிவிடும் என்பதுபோல. இல்லை, வெளுத்திருந்தது. பதினாறாம் நாள் படத்தில் குப்பி காலியாக இருப்பதுபோல் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் உள்ளே கோடு தெரிந்தது, அதுவரை நிறைந்திருப்பதாக.

ஒன்பது நாள் கழித்து ஓர் எண் மட்டும் வந்தது. 81.

மாமாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். நானே சொன்னேன். "எம்பத்தொண்ணு மாமா. மித்ராவோடது எம்பத்திரண்டு."

"ஒண்ணு கம்மி."

"அது ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

"கம்மியாவே இருக்கட்டும்" என்றார்.

இத்தனை நாளும் நிலவன் வீட்டுக்கு வரவில்லை. மாமா என்னிடம் சவரம் செய்துகொள்ள மறுத்துவிட்டார். "அவன் வரட்டும்" என்பார். வெள்ளைத் தாடி நெஞ்சைப் பார்த்து வளர்ந்தது. பக்கத்து வீட்டு மலர் அக்கா, "இன்னா தம்பி, பெரியவரு சாமியாராப் போறாரா?" என்று கேட்டாள்.

அந்த எண் வந்த வாரத்து ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நிலவன். கையில் மாங்காய்ப் பை. மேசையில் அப்படியே இருந்த பெட்டியைத் திறந்து, கத்தியைத் துடைத்தான்.

"இன்னா நைனா, வழி மறந்துட்டியா? பாரு, மூஞ்சி கலீஜாக் கீது."

"வேல இருந்துச்சுப்பா. தாடிய முதல்ல கத்திரியில வெட்டணும் போல."

"மெல்ல வெட்டு. எண்ணிக்கினே வெட்டு. அப்புறம் உங்க மேடம் கணக்கு கேப்பாங்க."

நான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். போகாமல் அங்கேயே நின்றேன். பாதி முகம் முடிந்தபோது நிலவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"மேடம் கட்டுரைய அனுப்பிட்டாங்க. அவ பேருதான் முதல்ல."

"ம்."

"தண்ணிய ஏன் எங்கிட்ட சொல்லல அவ? நாலு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எல்லாம் சொல்வா. கேன எப்பத் தூக்கிட்டு வந்தா, எங்க வெச்சா, எதுவும் எனக்குத் தெரியல. நான் யார்கிட்ட போய் சொல்லியிருக்கப்போறேன்?"

அவன் முகத்தைப் பார்த்தேன். காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் அந்த முகத்தை நான் பார்ப்பதுண்டு.

"எனக்கு வேலைல வம்பு வரும்னு சொல்லல" என்றேன்.

"ஓ" என்றான். கத்தியை அலசினான். அலசியதையே மறுபடி அலசினான். "உங்களுக்காகவா."

"ஆமா."

மாமாவின் இடது கன்னம் மிச்சம் இருந்தது. நுரை தடவினான். தடவிக்கொண்டே, மிகச் சாதாரணமாக, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வீட்ல என்னப் பத்தி எதுனா பேசுவாளாண்ணா?"

பதினொரு முறை. தட்டு கழுவி முடிப்பதற்குள்.

"இல்ல" என்றேன். "லேப் விஷயம் வீட்ல பேச மாட்டா."

அவன் தலையாட்டினான். "ஆமாமா. அவ அப்டித்தான்." கத்தியை மாமாவின் கன்னத்துக்குக் கொண்டுபோனான். அவன் கை சற்றே நடுங்கியது. மாமா அதைப் பார்த்துவிட்டார். ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின.

"பொய் சொல்றான் நைனா. டெய்லி சாயந்தரமானா இந்த வூட்ல உன் பஞ்சாயத்துதான். நிலவன் அத்த ஒடச்சான், நிலவன் இத்த துன்னான், நிலவன் கணக்குல பெரிய புலி. எனுக்குக் காது அடிச்சிப்பூடும். இவன் ஒருத்தன் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு தட்டு கழுவுவான். இப்பவும் பாரு, அதே மூஞ்சி."

நிலவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். காது சுட்டது.

"தட்டு கழுவுனது நீங்களா?" என்றான்.

"நான்தான்."

"அவ தான் கழுவுறதா சொல்லுவா."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தில் பாதி நுரை, தோள் குலுங்கியது, தலை எல்லாப் பக்கமும் ஆடியது.

"அப்பா, ஆடாதீங்க. இவ்ளோ ஆடுனா என்னால முடியாது. அண்ணா, கொஞ்சம் புடிங்க."

நான் பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் மாமாவின் தலையைப் பிடித்துக்கொண்டேன். நிலவன் குனிந்து, காதோரத்தில் இருந்து தொடங்கினான்.